கூண்டு ஏற்றுமுன் டிஸ்க்கைக் கழற்றுங்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். கடலூர் முதுநகரில் அப்பா காலத்திலிருந்து வலை, கயிறு, படகு இன்ஜின் உதிரிபாகம் விற்கும் கடை நடத்துகிறோம். நானும் அண்ணனும் பங்குதாரர்கள். புதுச்சேரி தேங்காய்த்திட்டில் ஒரு கிளை உண்டு. டேலி என்ற கணக்கு மென்பொருளில் 11 வருடக் கணக்கு இருக்கிறது. வியாபாரத்தில் பாதி கடனுக்குத்தான். எந்தப் படகுக்காரர் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அதில்தான். ஃபெஞ்சல் புயலின்போது குண்டு உப்பலவாடி குடோனில் தண்ணீர் புகுந்து அங்கிருந்த கம்ப்யூட்டர் போய்விட்டது. நல்லவேளை, டேலி கடையில் இருந்தது.

இப்போது ஒரு சிஸ்டம் கடைக்காரர், நான்கு டிஸ்க் போட்டு, கடைக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் நெட்வொர்க் வழியாகப் பகிர்ந்துகொள்ளும் நாஸ் பெட்டி, 16 டிபி, ரூ. 1,15,000 என்று கொட்டேஷன் தந்திருக்கிறார். "ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா போகாது, இனி பேக்கப்பே வேண்டாம்" என்கிறார். அண்ணனோ "கூகுள் டிரைவ் இருக்கும்போது இது எதற்கு" என்கிறார். கடைக் கம்ப்யூட்டரின் பின்னால் ஒரு யுஎஸ்பி ஹார்டு டிஸ்க் எப்போதும் சொருகியே இருக்கிறது. அதில் பேக்கப் போகிறது என்று முன்பிருந்த கணக்காளர் சொல்வார். அவர் ஆறு மாதம் முன்பு வேலையை விட்டுவிட்டார். டேலி ஃபோல்டர் 3 ஜிபி. ஸ்கேன் செய்த பில்கள், கடன் வாங்கியவர்களின் ஆதார் நகல்கள் எல்லாம் சேர்த்து 140 ஜிபி. அப்பா இன்னும் கடன் பாக்கியைப் பேரேட்டில் கையால் எழுதுகிறார். அண்ணன் கேலி செய்கிறார். எதை நம்பிப் பணம் போடலாம்?

– ஒரு வாசகி, கடலூர்

பதில்: வணக்கம் அம்மா. கொட்டேஷனைப் பிறகு பார்ப்போம். இன்று இரவு கடையைச் சாத்துமுன் ஒரு வேலை செய்யுங்கள். அந்த யுஎஸ்பி டிஸ்க்கைத் திறந்து, கடைசியாக எந்தத் தேதியில் பேக்கப் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். கணக்காளர் போன நாளோடு அதுவும் நின்றுபோயிருந்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்காது. பல கடைகளில் ஒரே ஒரு ஆள்தான் தினமும் மெனுவுக்குள் போய் டேலி பேக்கப் எடுப்பார். அவர் லீவு போட்டால் பேக்கப்பும் லீவு.

தேதி சரியாக இருந்தாலும் உடனே நிம்மதி அடைய வேண்டாம். இதில் நானே பட்டிருக்கிறேன். புதுச்சேரியில் ஒரு மருந்து மொத்த வியாபாரிக்கு, தினமும் இரவு தானாகப் பேக்கப் ஓடும்படி நான்தான் வைத்துக் கொடுத்தேன். மாதம் ஒருமுறை போவேன், பச்சை நிறத்தில் 'வெற்றி' என்று வந்திருக்கும் வரியைப் பார்ப்பேன், டீ குடித்துவிட்டு வந்துவிடுவேன். நடுவில் டேலியைப் புது வெர்ஷனுக்கு மாற்றியவர், டேட்டா ஃபோல்டரை சி டிரைவிலிருந்து டி டிரைவுக்குக் கொண்டுபோயிருக்கிறார். என் பேக்கப்போ சி-யில் கிடந்த பழைய ஃபோல்டரையே நாலு மாதம் விடாமல் பத்திரப்படுத்திக்கொண்டிருந்தது. தினமும் வெற்றி! ஒரு நாள் டிஸ்க் 'டக் டக்' என்று சத்தம் போட்டு நின்றது. கையில் மிஞ்சியது நாலு மாதத்துக்கு முந்தைய கணக்கு. பில் கட்டுகளை வைத்துக்கொண்டு மூன்று பேர் உட்கார்ந்து முதலிலிருந்து அடித்தார்கள். அவர்கள் கூலியில் பாதியை நான் கொடுத்தேன். அன்றிலிருந்து பச்சை வரியை நம்புவதில்லை. பேக்கப்பைத் திறந்து, நேற்றைய கடைசி பில் நம்பர் அதில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறேன்.

பெரிய இடங்களிலும் இந்தக் கதை உண்டு. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் ஒரு இன்ஜினியர், ஒரு சர்வர் என்று நினைத்து இன்னொரு சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். பேக்கப்புக்கு ஐந்து விதமான ஏற்பாடு வைத்திருந்தார்கள். அவசரத்துக்கு ஒன்றும் ஒழுங்காக உதவவில்லை. ஆறு மணி நேரம் முன்பு வேறொரு வேலைக்காகக் கையால் எடுத்துவைத்திருந்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. 'பேக்கப் நடக்கவில்லை' என்று எச்சரிக்க வேண்டிய மெயில்கள்கூட யாருக்கும் போய்ச் சேரவில்லை. நடந்ததை அவர்களே ஒளிக்காமல் எழுதியதால் நமக்குத் தெரிகிறது.

சரி, நாஸ் பெட்டி. பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்து, ஒன்று போனாலும் மற்றவற்றிலிருந்து டேட்டாவைத் தேற்றிக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு ரெய்டு என்று பெயர். நான்கு 4 டிபி டிஸ்க்கை ரெய்டு 5 முறையில் போட்டால் 12 டிபி இடம் கிடைக்கும். ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை நிற்காது. சிஸ்டம் கடைக்காரர் சொன்னதில் இதுவரை பொய்யில்லை. 'பேக்கப்பே வேண்டாம்' என்றாரே, அங்கேதான் தவறு. கார்பன் தாள் வைத்து பில் எழுதுவதை நினைத்துப் பாருங்கள். மேல் தாளில் தொகையைத் தப்பாக எழுதினால் அடித்தாளிலும் அதே தப்பு பதியும். பில் புத்தகம் தண்ணீரில் விழுந்தால் இரண்டும் நனையும். ரெய்டும் அப்படித்தான். கடைப் பையன் ஒரு ஃபோல்டரைத் தெரியாமல் அழித்தால் எல்லா டிஸ்க்கிலிருந்தும் அந்த நொடியிலேயே போய்விடும். பெட்டி திருடு போனால் நான்கு டிஸ்க்கும் சேர்ந்து போகும். இன்னொன்று, நான்கையும் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கியிருப்போம். வயதும் ஒன்று, உழைப்பும் ஒன்று. ஒன்று செத்து, அதன் இடத்தில் புது டிஸ்க் போட்டு டேட்டாவை நிரப்பும்போது மற்ற மூன்றும் மணிக்கணக்கில் முழு வேகத்தில் ஓட வேண்டியிருக்கும். இரண்டாவது டிஸ்க் சாகும் ஆபத்து அந்த நேரத்தில் அதிகம்.

டிஸ்க் செத்தாலும் கடை நிற்காமல் ஓட ரெய்டு உதவும். போன டேட்டாவைத் திரும்பக் கொண்டுவரப் பேக்கப்தான் வேண்டும். உங்களுக்கு இப்போது குறைவது இரண்டாவது. அதுவும் 143 ஜிபிக்கு 12 டிபி என்பது கட்டுமரத்துக்கு விசைப்படகு இன்ஜின் வாங்குகிற மாதிரி. சிசிடிவி பதிவையும் சேர்த்துக் கணக்குப் போட்டிருப்பாரோ என்னவோ. அதற்கு டிவிஆர் தனியாக இருக்கும், அதை இதோடு கலக்க வேண்டாம். நாஸ் கெட்ட சாமான் என்று சொல்லவில்லை. ஐந்தாறு பேர் ஒரே ஃபைல்களில் நாள் முழுக்க வேலை செய்யும் ஆபீஸ் என்றால் நானே வாங்கச் சொல்வேன். நீங்கள் பின்னால் எப்போதாவது வாங்கினால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அதன் அட்மின் பக்கம் இணையத்திலிருந்து திறக்கும்படி விடக் கூடாது. 2021-ல் க்யூலாக்கர், 2022-ல் டெட்போல்ட் என்ற ரேன்சம்வேர்கள் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நச்சு நிரல்கள்), இப்படித் திறந்து கிடந்த நாஸ் பெட்டிகளையே தேடிப்பிடித்துப் பூட்டின.

அண்ணன் சொல்லும் கூகுள் டிரைவ். அவர் நினைப்பது பாதி சரி, ஊருக்கு வெளியே ஒரு பிரதி வேண்டும் என்கிற பாதி. ஆனால் கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபோல்டரோடு டிரைவ் தன்னைச் சமன் செய்துகொண்டே இருக்கும். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும், அப்புறம் அதுவும் இல்லை. ஒரு லெட்ஜர் ஆடியில் கெட்டுப்போனதைத் தீபாவளிக் கணக்கு பார்க்கும்போதுதான் கண்டுபிடிப்போம் என்பது உங்களுக்கே தெரியும். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியில் மெயிலுக்கும் போட்டோவுக்கும்கூடப் பங்கு உண்டு. உங்கள் 140 ஜிபி அதில் ஏறாது. தவிர, டேலி திறந்திருக்கும்போதே அதன் டேட்டா ஃபோல்டரை டிரைவோடு இணைத்து வைத்தால், பாதி எழுதிய நிலையிலிருக்கும் ஃபைல்கள் மேலே போகும். அப்படிக் கெட்டுப்போன கம்பெனி டேட்டாவைச் சரிசெய்ய என்னிடம் வந்தவர்கள் கொஞ்சநஞ்சம் இல்லை.

இரண்டையும்விட எனக்கு அதிகக் கவலை, உங்கள் கம்ப்யூட்டரின் பின்னால் எப்போதும் சொருகியிருக்கும் அந்த டிஸ்க்தான்.

புதுச்சேரியிலேயே ஒரு ஹார்டுவேர் கடை. முதலாளி வீட்டிலிருந்தபடி டேலி பார்க்க வேண்டும் என்பதற்காக, யாரோ ஒருவர் ரிமோட் டெஸ்க்டாப்பை நேராக இணையத்துக்குத் திறந்து வைத்திருந்தார். பாஸ்வேர்டு கடையின் பெயரும் 123-உம். ஒரு திங்கட்கிழமை காலை என்னைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் எல்லா ஃபைலுக்கும் பின்னால் புரியாத எழுத்துகள் ஒட்டியிருந்தன. டெஸ்க்டாப்பில் ஒரு நோட்பேடு ஃபைல்: இத்தனை டாலர் பிட்காயினாக அனுப்பு, இல்லையென்றால் மறந்துவிடு. முதலாளி பதறாமல், "பேக்கப் டிஸ்க் இருக்கு சார்" என்றார். இருந்தது, அதே கம்ப்யூட்டரில் சொருகியபடி. அதிலும் அதே எழுத்துகள். ரேன்சம்வேருக்கு சி டிரைவ், இ டிரைவ் என்ற பேதமெல்லாம் கிடையாது. எட்டுகிற எல்லாவற்றையும் பூட்டும். விண்டோஸ் தானாக எடுத்துவைக்கும் பழைய பிரதிகளையும் பல நேரம் முதலில் அழித்துவிடும். கடைசியில் அவரைக் காப்பாற்றியது ஆடிட்டர் ஆபீஸ் மேஜை டிராயரில் கிடந்த ஒரு பென் டிரைவ். ஜிஎஸ்டி வேலைக்காக இரண்டு மாதம் முன்பு டேலி டேட்டாவை அதில் கொடுத்திருந்தார்கள். வேறு எதிலும் சொருகாமல் கிடந்ததால்தான் அது பிழைத்தது.

பேக்கப்பில் ஒன்றாவது எந்த வயரும் தொடாமல் இருக்க வேண்டும் என்று நாங்கள் சொல்வது இதனால்தான். மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்று வெளியூரில் என்ற 3-2-1 கணக்கைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பீட்டர் க்ரோ என்ற புகைப்படக்காரர் தன் படங்களைக் காப்பாற்றுவது பற்றிச் சொல்லிப் பரவிய கணக்கு அது. கடைக்கும் அப்படியே பொருந்தும்.

ஆனால் நம் ஊரில் அந்த 'ஒன்று வெளியூரில்' என்பதைக் கொஞ்சம் யோசித்துச் செய்ய வேண்டும். தேங்காய்த்திட்டில் கிளை இருக்கிறதே, ஒரு டிஸ்க்கை அங்கே வைத்தால் போதாதா என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். தீ, திருட்டு, ரேன்சம்வேர் எல்லாவற்றுக்கும் போதும். புயலுக்குப் போதாது. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கரை கடந்தது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் கரை கடந்தது புதுச்சேரிக்குப் பக்கத்தில். அப்புறம் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து உங்கள் குடோனைப் பார்த்தது. இரண்டு கடைக்கும் இடையே சுமார் 25 கிலோமீட்டர்தான். ஒரே புயல் இரண்டையும் ஒரே இரவில் தொடும். தானே புயலுக்குப் பிறகு கடலூர் மாவட்டத்தில் எத்தனை கிராமங்கள் வாரக்கணக்கில் கரன்ட் இல்லாமல் கிடந்தன என்பது உங்கள் அப்பாவுக்கு நினைவிருக்கும்.

ஆகவே நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன்.

1 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க் இரண்டு வாங்குவேன். கொட்டேஷன் தொகையில் அது ஒரு சிறு பங்குதான். ஒன்றின் மேல் சிவப்பு ஸ்டிக்கர், இன்னொன்றின் மேல் நீலம். சனிக்கிழமை இரவு எல்லாரும் டேலியை மூடிய பிறகு சிவப்பைச் சொருகி, பேக்கப் முடிந்ததும் கழற்றிக் கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவது. அடுத்த சனி நீலம். இரண்டும் ஒரே நேரத்தில் கடையில் இருக்கவே கூடாது. வாரத்தின் மற்ற நாட்களுக்கு, இரவு தானாக ஓடும் பேக்கப் கடைக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டருக்குப் போகட்டும். அந்த ஃபோல்டரில் எழுதும் அனுமதி பேக்கப்புக்கென்று வைத்த தனி யூசருக்கு மட்டும். பில் போடுபவர்களின் யூசருக்கு அது திறக்கவே கூடாது. புதுப் பேக்கப் பழையதன் மேல் ஏறாமல் தேதி போட்ட ஃபோல்டரில் போய் உட்கார வேண்டும். தினப் பிரதி இரண்டு வாரம், மாதக் கடைசிப் பிரதி ஒரு வருடம், மார்ச் 31 பிரதிகளை மட்டும் அழிப்பதே இல்லை.

மூன்றாவது பிரதி கிளவுடில். டிரைவ் மாதிரி சமன் செய்வது வேண்டாம். பேக்கப்புக்கென்றே உள்ள சேவையாகப் பாருங்கள். மும்பை, ஐதராபாத் மாதிரி இந்தியாவுக்குள்ளேயே டேட்டா சென்டர் உள்ளதாக இருக்கட்டும். வாங்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நான் குறித்த நாள்வரை, என் பாஸ்வேர்டு தெரிந்தவன்கூட இதை அழிக்க முடியாதபடி பூட்ட முடியுமா?" ஆம் என்றால் எடுங்கள். எங்கெங்கோ சுற்றிப் பதில் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.

டேலி 3 ஜிபியையும் ஸ்கேன் 140 ஜிபியையும் ஒரே மூட்டையாகக் கட்ட வேண்டாம். 20 எம்பிபிஎஸ் லைனில் 3 ஜிபியை இறக்க 20 நிமிடம் ஆகும். 140 ஜிபிக்கு ஏறக்குறைய 16 மணி நேரம். புயலுக்கு மறுநாள் லைன் வருவதே அரிது. வந்த கொஞ்ச நேரத்தில் பாக்கிக் கணக்கு மட்டும் கைக்கு வந்தால் கடையைத் திறந்துவிடலாம், பில் நகல்கள் மெதுவாக வரட்டும்.

தேங்காய்த்திட்டில் ஒரு டிஸ்க் வைக்கும் யோசனையை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கடலூர் துறைமுகத்தில் ஒன்றாம் எண் கூண்டு ஏற்றினார்கள் என்ற செய்தி வருகிறதா, அன்று சனிக்கிழமையா செவ்வாய்க்கிழமையா என்று பார்க்க வேண்டாம். அன்றிரவே ஒரு பேக்கப், உடனே டிஸ்க் வீட்டுக்கு. திருச்சி, சேலம் பக்கம் உறவினர் வீடு இருந்தால், அந்தப் பக்கம் பஸ் ஏறும் யாரிடமாவது இன்னொன்றைக் கொடுத்துவிடுங்கள். ஒன்றாம் எண் என்றால் புயல் இன்னும் தூரத்தில் இருக்கிறது என்று பொருள், கையில் நேரம் இருக்கும். எட்டு, ஒன்பது, பத்து என்று ஏறிய பிறகு நீங்கள் கடைச் சரக்கை மேலே ஏற்றுவீர்களா, டிஸ்க்கைத் தேடுவீர்களா?

வீட்டில் டிஸ்க்கை எங்கே வைப்பது? உப்புக்காற்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. துறைமுகப் பக்கத்துக் கடைகளில் சிபியுவைத் திறந்தால் ரேம் பதியும் இடத்தில் பச்சை பூத்திருக்கும், ரப்பரால் தேய்த்தால் மறுபடி ஓடும். டிஸ்க்கின் யுஎஸ்பி முனைக்கும் அதே கதிதான். இறுக்கமாக மூடும் டிபன் பாக்ஸ் ஒன்றில், புது ஷூ பெட்டியில் வருமே அந்த சிலிக்கா ஜெல் பாக்கெட் இரண்டைப் போட்டு வையுங்கள். தரையில் வேண்டாம், பீரோவின் மேல் தட்டில். பேக்கப்புக்கு, சுழலும் பாகம் இல்லாமல் சிப்பில் எழுதும் எஸ்எஸ்டி வாங்கி, வருடக்கணக்கில் கரன்ட் காட்டாமல் பூட்டி வைப்பதும் சரியில்லை. அப்படிக் கிடந்தால் அது எழுதியதை மெல்ல மெல்ல மறக்கக்கூடியது. சுழலும் பழைய ரக ஹார்டு டிஸ்க்கே இந்த வேலைக்குப் போதும்.

குடோனில் நனைந்த கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? இல்லையென்றால், அதைப் போட்டுப் பார்க்காதீர்கள். நனைந்த டிஸ்க்கைத் தண்ணீர் கொல்வதைவிட, காய்ந்துவிட்டது என்று நினைத்து நாம் கொடுக்கும் கரன்ட் கொல்வதுதான் அதிகம். அரிசி டப்பாவில் புதைப்பதும் ஹேர் டிரையர் காட்டுவதும் வேண்டாம். அதில் உண்மையிலேயே வேண்டியது ஏதாவது இருந்தால் டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் அப்படியே கொடுங்கள். ஒன்றும் வேண்டாம் என்றாலும் காயலான் கடைக்கு முழுசாகப் போட வேண்டாம். டிஸ்க்கை மட்டும் கழற்றி, டிரில்லால் நாலு ஓட்டை போட்டுவிட்டுக் கொடுங்கள். ஃபார்மட் செய்தாலே எல்லாம் போய்விடும் என்று நினைக்கிறவர்கள் இன்னும் நிறையப் பேர்.

பேக்கப் திரும்ப வருகிறதா என்று பார்ப்பதற்கு உங்கள் தொழிலிலேயே ஒரு காலம் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுகளைக் கரையேற்றி அடிப்பலகை பார்க்கிற நேரம், கடையிலும் ஓட்டம் குறைவு. அதில் ஒரு மத்தியானம் ஒதுக்குங்கள். கடையோடு சம்பந்தமில்லாத ஒரு லேப்டாப்பில் டேலியைப் போடுங்கள். லைசென்ஸ் இல்லாவிட்டாலும் எஜுகேஷனல் மோடில் திறந்து பார்க்கலாம். சிவப்பு டிஸ்க்கிலிருந்து ரெஸ்டோர் செய்யுங்கள். இதைக் கடைக் கம்ப்யூட்டரில் செய்யாதீர்கள். அதே ஃபோல்டருக்கு ரெஸ்டோர் கொடுத்தால் இன்றைய கணக்கின் மேல் பழைய கணக்கு ஏறி உட்கார்ந்துவிடும், சோதிக்கப் போய்த் தொலைத்த கதை ஆகும். கம்பெனி திறந்ததும் மூன்றைப் பாருங்கள்: கடைசி பில் நம்பர், ட்ரையல் பேலன்ஸ், அப்புறம் அதிகப் பாக்கி வைத்திருக்கும் பத்துப் படகுக்காரர்களின் தொகை. கடைக் கணக்கோடு ஒத்துவந்தால் சரி. ஆரம்பித்ததிலிருந்து முடியும்வரை எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் டிஸ்க் ஸ்டிக்கரிலேயே எழுதி வையுங்கள். பிறகு நீலம். முதல் தடவை ஏதாவது ஒன்று உதைக்கும், மனம் விட வேண்டாம்.

பாஸ்வேர்டு விஷயத்தில் உங்களுக்கு அவசர வேலை இருக்கிறது. போன கணக்காளர் நல்லவராகவே இருக்கட்டும். ஆனால் கடை ஜிமெயிலை மீட்க எந்த மொபைல் நம்பர் கொடுத்திருக்கிறது என்று பாருங்கள். பத்துக் கடையில் பார்த்தால் சிலவற்றிலாவது அது போனவரின் நம்பராகத்தான் இருக்கும். உங்கள் நம்பருக்கு மாற்றுங்கள், இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள், டேலியில் அவர் பெயரில் இருக்கும் யூசரை நிறுத்துங்கள். டேலி டேட்டாவையே பூட்டும் டேலிவால்ட் பாஸ்வேர்டை அவர் போட்டிருந்தால் இன்றே போன் செய்து கேட்டு வாங்குங்கள். அது மறந்துபோனால் யாராலும் திறக்க முடியாது, டேலி நிறுவனத்தாலும்தான். வெளியே எடுத்துப்போகும் டிஸ்க்குகளை, விண்டோஸிலேயே உள்ள பிட்லாக்கர் என்ற பூட்டால் பூட்டுவது நல்லது, பஸ்ஸில் தொலைந்தாலும் பயமில்லை. அதற்கு விண்டோஸ் ப்ரோ வேண்டும். அது தரும் 48 இலக்க மீட்பு எண்ணை அதே டிஸ்க்கிலோ அதே கம்ப்யூட்டரிலோ வைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். தாளில் அச்சடித்து வங்கி லாக்கரில் வையுங்கள், ஒரு நகல் அண்ணனிடம்.

கடைக் கம்ப்யூட்டர் இன்னும் விண்டோஸ் 10-லேயே ஓடுகிறதா? அதற்குப் பாதுகாப்பு அப்டேட் தரும் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. 2017 மே மாதம் உலகத்தையே கலக்கிய வான்னாக்ரை ரேன்சம்வேரைத் தடுக்கும் அப்டேட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வந்திருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். நாஸுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை இதற்கும் ஒரு நல்ல யுபிஎஸ்ஸுக்கும் திருப்புங்கள்.

சட்டப் பக்கம் சுருக்கமாக. ஜிஎஸ்டிக் கணக்குகளை, அந்த வருடத்து ஆண்டு ரிட்டனுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் வைப்பவர்கள், விபத்திலோ இயற்கைச் சீற்றத்திலோ அழிந்தாலும் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி பேக்கப் வைக்க வேண்டும் என்று ஜிஎஸ்டி விதி 57 சொல்கிறது. வெள்ளத்தில் போய்விட்டது என்று சொல்லித் தப்பிக்க அதிகம் இடமில்லை. தினமும் இந்தியாவிலுள்ள சர்வரில் பேக்கப் என்ற 2022 விதி கம்பெனிகளுக்கு. நீங்கள் பங்குதாரர் தொழில் என்பதால் இப்போது பொருந்தாது, பிரைவேட் லிமிடெட் ஆக்கும் எண்ணம் இருந்தால் ஆடிட்டரிடம் கேளுங்கள். அந்த ஆதார் நகல்கள்தான் எனக்கு உறுத்துகிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வெளியாகியிருக்கின்றன, பாதுகாப்பில் கோட்டைவிட்டால் அபராதத்தின் உச்சவரம்பு ரூ. 250 கோடி. உங்கள் கடைக்கு அந்தத் தொகை வரப்போவதில்லை. இருந்தாலும் கடனைத் தீர்த்துவிட்டு ஐந்து வருடமாகக் கடைப் பக்கமே வராதவரின் ஆதாரை எதற்கு வைத்திருக்கிறீர்கள்? தேவையில்லாததைக் கழித்தால் 140 ஜிபி பாதியாகிவிடும்.

எல்லாம் செய்தும் ஒரு நாள் ஃபைல்கள் பூட்டிக்கொண்டால், முதலில் நெட்வொர்க் வயரைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். பேக்கப் டிஸ்க்கை அந்த நேரத்தில் சொருகாதீர்கள், பதற்றத்தில் பலரும் செய்வது அதைத்தான். மிரட்டல் செய்தியை மொபைலில் படம் எடுங்கள், சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள், யார் சொன்னாலும் உடனே ஃபார்மட் அடிக்க வேண்டாம். நோ மோர் ரேன்சம் என்று ஐரோப்பிய போலீஸ் அமைப்புகளும் கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016-ல் தொடங்கிய தளம் ஒன்று இருக்கிறது. சில ரகப் பூட்டுகளுக்கு அங்கே இலவசச் சாவி கிடைக்கும்.

கடைசியாக அப்பாவின் பேரேடு. அண்ணனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: இன்றைய தேதியில் உங்கள் கடையில் எந்த வயரிலும் மாட்டாத, கரன்ட் இல்லாமல் படிக்கக்கூடிய ஒரே பிரதி அதுதான். அவர் எழுதட்டும். மாதக் கடைசியில் ஒரு நாள் அப்பாவையும் டேலியையும் பக்கத்தில் உட்காரவைத்து, படகு படகாகப் பாக்கியைச் சரிபாருங்கள். எங்கே வித்தியாசம் வருகிறதோ அங்கே யாரோ ஒருவர் தவறவிட்டிருக்கிறார், பல நேரம் அது டேலியாகத்தான் இருக்கும். எழுதி முடித்த பக்கங்களை அன்றே மொபைலில் படம் எடுத்து ஸ்கேன் ஃபோல்டரில் சேர்த்துவிடுங்கள். அந்தப் பேரேடு இப்போது கல்லாவுக்குக் கீழே தரைத்தட்டில் இருந்தால், நாளைக் காலை முதல் வேலையாக மேல் தட்டுக்கு ஏற்றிவிடுங்கள்.